உடைகிற அரிசி, சத்தில்லாத சோறு: பழுது எங்கே என்று பிடிக்கும் வழி

எங்கள் வயல் நெல்லை நாங்களே அரைத்து விற்கலாம் என்று இறங்கிய முதல் வருடம். ஆலையிலிருந்து வந்த மூட்டையைப் பிரித்து, அம்மா ஒரு படி அரிசியை முறத்தில் போட்டுப் புடைத்தார். "என்னப்பா இது, அரிசியா நொய்யா?" என்று கேட்டார். பாதிக்குப் பாதி உடைந்திருந்தது. நான் நேராக ஆலைக்குப் போய்ச் சத்தம் போட்டேன். ஆலைக்காரர் கோபப்படவில்லை. மீதியிருந்த எங்கள் நெல்லிலேயே ஐந்தாறு மணியை எடுத்து, நகத்தால் உமியை உரித்து, செல்போன் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். "பாருங்க தம்பி" என்றார். உமிக்குள் இருக்கும்போதே அரிசியின் குறுக்கே மயிரிழை போலக் கீறல்கள். ஆலைக்கு வரும் முன்பே உடைந்துவிட்ட அரிசி அது. அரவை அதை வெளியே காட்டிக் கொடுத்தது, அவ்வளவுதான்.

அன்றிலிருந்து குறை தெரிகிற இடத்தில் நான் காரணத்தைத் தேடுவதில்லை, அதற்கு ஒரு கட்டம் முன்னால் போய்த் தேடுகிறேன். ஆலையில் தெரிகிற பழுது பெரும்பாலும் களத்தில் நடந்தது. களத்தில் தெரிவது வயலில் நடந்தது. தட்டில் சோறு சத்தில்லாமல் போவதற்கு ஆலையும் அடுப்படியும் காரணம். இந்த வழிமுறையும் அப்படித்தான் போகிறது. உங்கள் அரிசியில் என்ன அறிகுறி தெரிகிறதோ அந்தத் தலைப்புக்குப் போய், அங்கிருந்து பின்னோக்கி நடங்கள். காவிரி டெல்டாவில் குறுவையும் சம்பாவும் போடுகிறவன் என்பதால் உதாரணங்கள் எங்கள் பக்கத்தவை.

எதற்கும் முன்னால்: நூறு மணிச் சோதனை

அரைப்பதற்கு முந்தைய நாள் குவியலின் மேல், நடு, அடி என்று மூன்று இடத்திலிருந்தும் கையளவு நெல் எடுத்துக் கலக்குங்கள். அதிலிருந்து நூறு மணியை எண்ணி, கையாலேயே உமியை நீக்குங்கள். அரைமணி நேர வேலை, பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டால் சீக்கிரம் முடியும். உரித்த அரிசியை ஒரு கண்ணாடித் துண்டின் மேல் பரப்பி, கீழிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள்.

எத்தனை மணியில் குறுக்குக் கீறல், எத்தனையில் வெள்ளைத் திட்டு, எத்தனையில் கரும்புள்ளி, எத்தனை முற்றாத பச்சை மணி என்று தனித்தனியாக எழுதி வையுங்கள். அந்தத் தாள் கையில் இருந்தால் ஆலையில் யாரோடும் சண்டை போட வேண்டியதில்லை. கீறல் ஐந்தாறு மணியில்தான் இருந்து, அரைத்து வந்ததில் நாற்பது உடைந்திருந்தால் பழுது ஆலையில். நாற்பது மணியிலும் முன்பே கீறல் இருந்தால் பழுது நம்மிடம்.

எடை கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். நல்ல நெல் நூறு கிலோவில் உமி ஏறக்குறைய 20 கிலோ, தவிடு 8 முதல் 10 கிலோ போகும். அரிசியும் நொய்யும் சேர்ந்து 67, 68 கிலோ வந்தால் சரியான அரவை. 60க்குக் கீழே வந்தால் நெல்லில் பதரும் கருக்காயும் அதிகம், இல்லையென்றால் அளவுக்கு மீறித் தீட்டியிருக்கிறார்கள்.

அரைத்தால் நொய் அதிகமாக விழுகிறது

விவசாயிக்கு அதிகப் பணம் போகிற இடம் இது. முழு அரிசிக்கும் நொய்க்கும் விலையில் பெரிய வித்தியாசம் உண்டு.

கீறல் எப்படி விழுகிறது என்று புரிந்தால் தீர்வு தானாக வரும். காய்ந்த மணி மறுபடி ஈரத்தைக் குடிப்பதுதான் மூல காரணம். ஈரம் பட்டதும் மணியின் வெளிப்புறம் உப்பும், உள்ளே காய்ந்தபடியே இருக்கும், நடுவில் விரிசல் விடும். சம்பா அறுவடைக் காலத்தில் இது வயலிலேயே நடக்கிறது. தை மாதம் நெல் முற்றி நிற்கும். விடியற்காலைப் பனி கதிரை நனைக்கும், பத்து மணி வெயில் காய வைக்கும், அடுத்த நாள் மறுபடி பனி. இப்படிப் பத்து நாள் நின்றால் கதிரில் இருக்கும்போதே கீறல் விழுந்துவிடும். 'நன்றாகக் காயட்டும், அப்புறம் அறுத்தால் ஈரம் குறையும், கொள்முதல் நிலையத்தில் 17 சதவீதத்துக்குள் வந்துவிடும்' என்று நாம் தள்ளிப் போடுகிற ஒவ்வொரு நாளும் முழு அரிசியைத் தின்கிறது. அறுவடை இயந்திரத்துக்காகக் காத்திருப்பதும் இதையேதான் செய்கிறது. எங்கள் முதல் வருட நெல் அப்படி இயந்திரம் வராமல் இரண்டு வாரம் கூடுதலாக நின்ற நெல்.

அறுக்க வேண்டிய நேரம் எது? கதிர் பூத்து 28 முதல் 35 நாள். கதிரில் நூற்றுக்கு 80, 85 மணி வைக்கோல் நிறத்துக்கு வந்து, அடிப்பக்கம் கொஞ்சம் பச்சை மிச்சம் இருக்கும்போதே அறுத்துவிடலாம். அப்போது மணியில் ஈரம் 20 முதல் 24 சதவீதம் இருக்கும். பயப்பட வேண்டாம், அதைக் களத்தில் இறக்கிக்கொள்ளலாம். பூத்த தேதியைச் சுவர் காலண்டரில் குறித்து வையுங்கள். பாதிக் கதிர் பூத்த நாளையே கணக்கில் எடுங்கள்.

இயந்திரம் அறுத்து வந்ததும் தொட்டியில் ஒரு பிடி எடுத்துப் பாருங்கள். உமி உரிந்த வெள்ளை அரிசி நிறையக் கிடந்தால் கதிரடிக்கும் உருளை வேகமாகச் சுற்றுகிறது. டிரைவரிடம் சொல்லிக் குறைக்க வேண்டும். ஒரு ஏக்கர் முடிந்த பிறகு சொல்லிப் பயனில்லை, முதல் சுற்றிலேயே பார்த்துவிடுங்கள்.

வயலில் கீறல் இல்லை, ஆனால் காயவைத்த பிறகு வந்துவிட்டது என்றால் களத்தைப் பாருங்கள். தார்ச்சாலையில் காயப்போடுவது எங்கள் ஊரில் எல்லோரும் செய்வதுதான், இடமில்லாதவர் என்ன செய்வார். ஆனால் உச்சி வெயிலில் அந்தத் தார் கொதிக்கிறது. நெல் 50 டிகிரியைத் தாண்டினால் வெளிப்புறம் படபடவென்று காய்ந்து, உள் ஈரம் வெளியே வர முடியாமல் மணி வெடிக்கும். சிமெண்டுக் களமோ தார்ப்பாயோ எதுவானாலும் இரண்டு முதல் நான்கு சென்டிமீட்டர் கனத்தில் பரப்பி, அரைமணிக்கு ஒரு தடவை காலாலோ பலகையாலோ கிளறிவிட வேண்டும். ரொம்ப மெல்லிசாகப் பரப்பினாலும் சூடு ஏறிவிடும். 12 மணியிலிருந்து 2 மணி வரை குவித்து மூடிவிட்டு, அப்புறம் மறுபடி பரப்புங்கள். அந்த இரண்டு மணி நேரத்தில் உள் ஈரம் மெல்ல வெளிப்புறத்துக்கு வந்து சமமாகும். சாயங்காலம் பனி இறங்கும் முன் கட்டாயம் குவித்து மூடுங்கள். பகல் முழுக்கக் காயவைத்து இரவு பனியில் திறந்து விட்டால் செய்த வேலை எல்லாம் வீண்.

அரைக்க 14 சதவீத ஈரம் சரி. மாதக் கணக்கில் வைக்க வேண்டுமென்றால் 12, 13. ஈரமானி இல்லாதவருக்கு ஒரு சோதனை: நன்றாகக் காய்ந்த கண்ணாடிப் புட்டியில் கால்வாசி நெல்லும், அதில் இரண்டு மூன்று கரண்டி காய்ந்த தூள் உப்பும் போட்டு மூடி நன்றாகக் குலுக்குங்கள். பத்து நிமிடம் வைத்துப் பாருங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டிக்கொண்டால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல், இன்னும் காய வேண்டும். ஒட்டாமல் உதிர்ந்தால் அரைக்கலாம். பெரியவர்கள் மணியைக் கடித்தே சொல்லிவிடுவார்கள். 'கடக்' என்று சத்தத்தோடு உடைய வேண்டும், நசுங்கக் கூடாது.

கடைசியாக ஆலை. நூறு மணிச் சோதனையில் கீறல் இல்லை, ஈரமும் சரி, ஆனாலும் உடைகிறது என்றால் பழைய ஹல்லர் வகை இயந்திரமா என்று கேளுங்கள். ஒரே உருளையில் உமியையும் தவிட்டையும் சேர்த்து உரிக்கிற இயந்திரம் அது, அரிசியை நிறைய உடைக்கும். ரப்பர் உருளையில் உமியை மட்டும் நீக்கிவிட்டு, தனியாகத் தீட்டுகிற ஆலையில் உடைசல் குறையும். அதிலும் ரப்பர் தேய்ந்திருந்தாலோ, ஒரே தடவையில் வேகமாகத் தீட்டினாலோ நொய் விழும். பிபிடி 5204 போன்ற சன்ன ரகத்துக்கு இந்தக் கவனம் இரட்டிப்பாக வேண்டும்.

அரிசியின் வயிற்றில் சுண்ணாம்பு தடவியது போல வெள்ளை

முதலில் பச்சரிசியா புழுங்கலா என்று பாருங்கள். இரண்டுக்கும் காரணம் வேறு.

புழுங்கல் அரிசியின் நடுவில் வெள்ளைக் கண் தெரிந்தால் அது அவியலில் நடந்த குறை. ஊறலோ ஆவியோ உள்வரை போகவில்லை. அடுத்த தடவை ஊறல் நேரத்தைக் கூட்டுங்கள்.

பச்சரிசியில் என்றால் வயலுக்குப் போக வேண்டும். பால் பிடித்து மணி நிரம்பும் நாட்களில், குறிப்பாகப் பூத்த முதல் 20 நாளில், சராசரி வெப்பம் 26, 27 டிகிரிக்கு மேல் போனால் மாவுச்சத்துத் துகள்கள் நெருக்கமாக அடுக்கப்படாது. இடையில் காற்று தங்கும். அந்தக் காற்றுதான் நமக்கு வெள்ளையாகத் தெரிகிறது. ஜப்பானில் கோடை வெப்பம் ஏறிய வருடங்களில் இதே காரணத்தால் அரிசியின் தரம் இறங்கியிருக்கிறது. எங்கள் பக்கம் ஆவணியில் பூக்கும் குறுவையில் இரவிலும் வெக்கை குறையாது. அதனால் அதே வயலில் குறுவை அரிசியில் வெள்ளை அதிகமாகவும், சம்பாவில் குறைவாகவும் இருப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

வெயிலை நாம் குறைக்க முடியாது. மணி நிரம்பும்போது தண்ணீரை முழுதாக வடித்துவிடாமல் வயலை ஈரமாக வைத்திருக்கலாம், அறுவடைக்குப் பத்து நாள் முன்பு வடித்தால் போதும். பயிர் சாய்ந்தாலும் மணி சரியாக நிரம்பாது, வெள்ளை கூடும். யூரியாவை அள்ளிப் போட்டால் பயிர் சாயும். வேளாண் பல்கலைக்கழகம் சொல்கிற இலை வண்ண அட்டையை (இலையின் பச்சையை ஒப்பிட்டு உரம் வேண்டுமா என்று காட்டும் அட்டை) வைத்துப் பார்த்து, பிரித்துப் பிரித்துப் போடுவதுதான் நல்லது. அப்புறம், ரகம். ஒவ்வொரு ரகத்துக்கும் வெள்ளை விழும் குணம் வேறு. அடுத்த போகத்துக்கு விதை வாங்கும் முன் அந்த ரகத்தின் பச்சரிசியை ஒரு கிலோ வாங்கி டார்ச்சில் பார்த்துவிடுங்கள்.

வெள்ளை விழுந்த நெல் ஏற்கெனவே வீட்டில் இருக்கிறதா? பச்சரிசியாக விற்காதீர்கள், அந்த இடத்தில்தான் உடையும். அவித்துப் புழுங்கலாக்குங்கள். ஆவியில் மாவுச்சத்து இளகி, ஒட்டி, அந்தக் காற்று இடைவெளி மூடிக்கொள்ளும். வெள்ளை மறைந்து கண்ணாடி போல ஆகும், கீறலும் ஓரளவு ஒட்டிக்கொள்ளும். நம் முன்னோர் நெல் அவித்ததில் இந்த லாபமும் இருக்கிறது.

மஞ்சள் அரிசி, கரும்புள்ளி அரிசி

மணி முழுக்க ஒரே சீராக மஞ்சளித்திருந்தால் ஈர நெல் குவியலில் சூடேறியிருக்கிறது. குறுவை அறுவடையும் ஐப்பசி மழையும் சேர்ந்து வருகிற வருடங்களில் இதைத் தவிர்ப்பது பெரும்பாடு. ஈர நெல் மூச்சு விடும், சூட்டைக் கக்கும், பூஞ்சை பிடிக்கும். குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டுப் பாருங்கள். வெளியை விட உள்ளே சூடாக இருந்தால் அந்த நிமிடமே கலைத்துப் பரப்ப வேண்டும். தார்ப்பாய் போட்டு இரண்டு நாள் இறுக மூடி வைப்பதுதான் நாம் செய்யும் பெரிய தவறு. மழை விட்ட ஒவ்வொரு மணி நேரமும் திறந்து விடுங்கள். வெயிலே இல்லையென்றால் கொட்டகையில் மெல்லிசாகப் பரப்பி மின்விசிறி போடுவது கூடக் கைகொடுக்கும். ஒருமுறை மஞ்சளித்த அரிசி திரும்ப வெளுக்காது. பூஞ்சை வாடை அடித்தால் அதை மாட்டுக்கும் போடாதீர்கள், நச்சு பாலுக்கு வரும்.

மணி நல்ல நிறம், ஆனால் ஒரே ஒரு கரும்புள்ளி இருக்கிறது என்றால் கதிர் நாவாய்ப்பூச்சி பால் பருவத்தில் குத்தி உறிஞ்சியிருக்கிறது. வயலில் இறங்கினாலே ஒரு கெட்ட நாற்றம் வரும், அதுதான் அடையாளம். நூறு கதிருக்குப் பூக்கும் பருவத்தில் 5 பூச்சி, பால் பருவத்திலிருந்து 16 பூச்சி இருந்தால் நடவடிக்கை எடுக்க வேண்டிய அளவு. அதற்குக் கீழே இருந்தால் மருந்து வேண்டாம். வரப்புப் புல்லை முன்கூட்டியே சுத்தம் செய்வதும், 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாறும் பல இடங்களில் போதுமானதாக இருக்கிறது. எதைத் தெளித்தாலும் காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை தெளிக்காதீர்கள், அது நெல் பூக்கும் நேரம்.

மணி இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சள், பச்சை நிறத்தில் வெல்வெட் உருண்டை இருந்தால் நெற்பழம். நல்ல விளைச்சல் வருடத்தில் வருவதால் லட்சுமி நோய் என்று இதற்குப் பெயர் உண்டு. பெயரைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. உருண்டையைக் கண்ட பிறகு மருந்தடித்துப் பயன் இல்லை. கதிர் தண்டுக்குள் இருக்கும் தண்டு உருளும் பருவத்திலேயே, அது வெளிவரும் முன்பே காக்க வேண்டும். போன வருடம் வந்த வயலாக இருந்தால் இந்த வருடம் வேளாண் அலுவலரை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள், தழைச்சத்தையும் குறையுங்கள்.

புழுங்கல் அரிசியில் ஒரு வாடை

குளிர்ந்த தண்ணீரில் இரண்டு மூன்று நாள் ஊறுகிற நெல் புளிக்கிறது. அந்தப் புளிப்பு வாடைதான் சோற்றில் வருகிறது. தண்ணீரை மாற்றாமல் விட்டால் இன்னும் மோசம். வெந்நீர் ஊறலுக்கு மாறுவதே தீர்வு. தண்ணீரை 85 டிகிரி வரை காய்ச்சி நெல்லைக் கொட்டினால் சூடு 70க்கு இறங்கும். அந்தச் சூட்டில் மூன்று, மூன்றரை மணி நேரம் போதும். மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் பரப்பிய முறை இது. தஞ்சாவூரில் இருந்த நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சி மையமும், அதிலிருந்து வளர்ந்து இன்று நிஃப்டெம் என்ற பெயரில் இருக்கும் நிறுவனமும் இந்த வேலையில் நிறையச் செய்திருக்கின்றன. டெல்டாக்காரர்கள் அங்கே போய்க் கேட்கலாம்.

அவித்த நெல்லை ஒரே மூச்சில் காயவைக்காதீர்கள். 16 முதல் 18 சதவீத ஈரம் வந்ததும் குவித்து, சில மணி நேரம் ஆற விட்டு, மறுபடி பரப்பி 14க்குக் கொண்டு வாருங்கள். அவித்தும் நொய் விழுகிறது என்பவர்களில் பெரும்பாலோர் இந்த இடைவெளியைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

கைக்குத்தல் அரிசி சிக்கு வாடை அடிக்கிறது, வண்டு வைக்கிறது

தவிட்டில் எண்ணெய் இருக்கிறது. உமி நீங்கி மேல்தோல் உரசப்பட்டதும் அந்த எண்ணெயும், அதைச் சிதைக்கிற நொதியும் சேர்ந்துகொள்ளும், அப்புறம் காற்றும் சேரும். சில வாரங்களில் பழைய எண்ணெய் வாடை. அரிசி கெட்டுப்போய்விட்டது, கலப்படம் என்று வாடிக்கையாளர் திருப்பித் தருவார். கலப்படம் ஒன்றுமில்லை, தவிடு இருப்பதற்கு அதுவே சாட்சி.

நெல்லாகவே வைத்திருந்து மாதம் ஒரு தடவை வேண்டிய அளவு அரைப்பதுதான் எங்கள் வீட்டு வழி. உமியை விட நல்ல பாதுகாப்பு எந்த டப்பாவும் தராது. மொத்தமாக அரைத்தே ஆக வேண்டும் என்றால் அவித்த நெல்லை உமி மட்டும் நீக்கி வையுங்கள். ஆவி அந்த நொதியைச் செயலிழக்கச் செய்துவிடும், நாள் தாங்கும்.

வண்டு மணிக்குள்ளேயே முட்டை வைக்கிறது. காய்ந்த வேப்பிலையும் வசம்பும் வருகிற வண்டை விரட்டும், உள்ளே இருக்கிற முட்டையை ஒன்றும் செய்யாது. ஐந்து கிலோ, பத்து கிலோ வாங்கும் வீடுகளில் அரிசியைப் பையோடு பிரீசரில் மூன்று நான்கு நாள் வைத்து எடுத்தால் முட்டையும் செத்துவிடும். வண்டு வந்த அரிசியை உச்சி வெயிலில் கொட்டுவது மட்டும் வேண்டாம். அரிசி கீறல் விட்டு, சோறு வடிக்கும்போது துண்டு துண்டாகும்.

சீரகச் சம்பாவில் மணமே இல்லை

மணத்துக்குக் காரணமான பொருள் 2-அசிட்டைல்-1-பைரோலின். பாஸ்மதியிலும் ரம்பை இலையிலும் இருப்பது அதே பொருள்தான். எளிதில் ஆவியாகிவிடும். மணி முற்றும்போது இரவு குளிர்ச்சியாக இருந்தால் மணம் கூடும், அதனால் தை அறுவடைக்கு வருகிற மாதிரி நடவு செய்ய வேண்டும். நிழலிலோ இளவெயிலிலோ காயவைத்து, பச்சரிசியாக அரைத்து, காற்றுப் புகாமல் கட்டுங்கள். இவ்வளவும் சரியாகச் செய்தும் மணம் இல்லையென்றால் விதையில் கலப்பு இருக்கிறது.

சோறு குழைகிறது, அல்லது ஆறினால் விறைக்கிறது

புது நெல்லின் சோறு குழையும். ஆறு மாதம் நெல்லாக வைத்திருந்து அரைத்தால் அதே அரிசி உதிரியாக வரும், தண்ணீரும் கூடுதலாகக் கேட்கும். ஆறினால் விறைக்கிறது என்றால் அது ரகத்தின் குணம். அமைலோஸ் என்ற மாவுச்சத்து வகை அதிகமுள்ள ரகம் அப்படித்தான் இருக்கும். அதைச் சாப்பாட்டுக்கு விற்காமல் இட்லிக்கும் தோசைக்கும் கொடுங்கள்.

அரிசி பளபளவென்று இருக்கிறது, ஆனால் சத்து இல்லை

இந்த அறிகுறி கண்ணுக்குத் தெரியாது, அதனால்தான் இதைப் பற்றி நான் அதிகம் கவலைப்படுகிறேன். 1890களில் ஜாவாவில், இன்றைய ஜகார்த்தாவில், கிறிஸ்டியான் எய்க்மன் என்ற டச்சு மருத்துவர் தீட்டிய அரிசி தின்ற கோழிகள் கால் துவண்டு விழுவதையும், தவிடு நீக்காத அரிசி கொடுத்தால் எழுந்து நடப்பதையும் கண்டார். மனிதருக்கு வந்த பெரிபெரி நோயும் அதுவேதான். அந்த வேலைக்காக 1929இல் நோபல் பரிசு பெற்றார். நம் ஊருக்கும் இதில் பங்குண்டு. இன்று ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், 1918இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தின் ஒரே ஓர் அறையில் பெரிபெரி ஆய்வுப் பிரிவாகத்தான் தொடங்கியது.

அந்த நிறுவனம் 2017இல் வெளியிட்ட அட்டவணையைப் பாருங்கள். தயமின் என்ற பி1 வைட்டமின், நூறு கிராம் தீட்டாத அரிசியில் சுமார் 0.27 மில்லிகிராம். தீட்டிய பச்சரிசியில் 0.05. புழுங்கலில் 0.17. தீட்டியதால் ஐந்தில் நான்கு பங்கு போய்விடுகிறது, ஆனால் அவித்துவிட்டுத் தீட்டினால் பாதிக்கு மேல் தங்குகிறது. ஊறும்போதும் ஆவியிலும் தவிட்டிலிருந்த வைட்டமின் அரிசிக்குள் இறங்கிவிடுவதுதான் காரணம்.

ஆலையில் என்ன கேட்பது? 'பாலீஷ் குறைவாப் போடுங்கண்ணே' என்றால் போதாது. நூறு கிலோ நெல்லுக்கு எத்தனை கிலோ தவிடு வந்தது என்று எடை போட்டுக் கேளுங்கள். எட்டு, ஒன்பது கிலோ என்றால் முழுத் தீட்டல். மூன்று, நான்கு கிலோவில் நிறுத்தினால் அரிசி லேசாகப் பழுப்பாக இருக்கும், சத்து கணிசமாக மிஞ்சும், சமைக்கவும் கடினமில்லை. முழுக்கத் தீட்டாத அரிசியைச் சாப்பிடப் பழகாத வீட்டுக்கு இந்த நடுவழியைத்தான் நான் சொல்வேன்.

அடுப்படிக்கு வருவோம். நாலைந்து தண்ணீர் விட்டுக் கசக்கிக் கழுவும்போதும், கஞ்சியை வடித்துச் சாக்கடையில் ஊற்றும்போதும் தண்ணீரில் கரைகிற பி வைட்டமின்கள் போய்விடும். இரண்டு தண்ணீர் போதும். கழுவுவதற்கு முன் அல்ல, கழுவிய பிறகு ஊறவைத்து, ஊறிய தண்ணீரிலேயே வேகவிடுங்கள். வடித்துத்தான் சாப்பிடுவோம் என்றால் வடித்த கஞ்சியில் உப்புப் போட்டுக் குடித்துவிடுங்கள், ரசத்துக்கும் குழம்புக்கும் ஊற்றுங்கள். எங்கள் பாட்டி வடிகஞ்சியை வீணாக்கி நான் பார்த்ததே இல்லை.

நெல்லிலேயே துத்தநாகம் குறைவு

நட்டு இரண்டு மூன்று வாரத்தில் கீழ் இலைகளில் துருப்பிடித்த மாதிரிப் பழுப்புப் புள்ளிகள் வந்து, பயிர் திட்டுத் திட்டாகக் குட்டையாக நின்றால் மண்ணில் துத்தநாகம் இல்லை. அந்த வயலில் விளைகிற அரிசியிலும் அது குறையும். நடவுக்கு முன் ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை மணலோடு கலந்து தூவுங்கள். டிஏபி, சூப்பர் பாஸ்பேட் எதோடும் கலக்காதீர்கள், இரண்டும் பிடித்துக்கொண்டு பயிருக்குக் கிடைக்காமல் போகும். இது விளைச்சலுக்கான வைத்தியம். மணியில் துத்தநாகம் ஏற வேண்டுமென்றால் பூத்த பிறகும் பால் பருவத்திலும் லிட்டருக்கு 5 கிராம் வீதம் மாலையில் இலைவழி தெளிக்க வேண்டும்.

ரகத்தை மாற்றுவது இன்னும் நிலையான வழி. டிஆர்ஆர் தன் 45 ரகத்தின் தீட்டிய அரிசியில் கிலோவுக்கு 22.6 மில்லிகிராம் துத்தநாகம் இருக்கிறது. வழக்கமான ரகங்களில் 12 முதல் 16தான். தமிழ்நாட்டுக்கும் பரிந்துரைத்த ரகம் அது. ஒடிசாவில் கட்டாக் நெல் ஆராய்ச்சி நிறுவனம் தந்த சிஆர் தன் 310இல் புரதம் 10.3 சதவீதம். இரும்பில் இப்படி எளிதாக வெற்றி கிடைப்பதில்லை. அது பெரும்பாலும் மேல்தோலில் தங்குவதால் தீட்டும்போது தவிட்டோடு போய்விடுகிறது.

ரேஷன் அரிசியில் வேறு மாதிரி மணிகள், பிளாஸ்டிக்கா?

இல்லை. அது செறிவூட்டிய அரிசி மணி. அரிசி மாவில் இரும்பு, போலிக் அமிலம், பி12 சேர்த்து, இயந்திரத்தில் அரிசி வடிவில் பிழிந்து காயவைக்கிறார்கள். நூறு கிலோ சாதா அரிசிக்கு ஒரு கிலோ கலப்பார்கள், அதனால் அங்கொன்றும் இங்கொன்றும்தான் தெரியும். நிறம் கொஞ்சம் மங்கலாக இருக்கும், சில தண்ணீரில் மிதக்கும். மிதப்பதைப் பார்த்துத்தான் பயம் வந்து, பலர் பொறுக்கி எறிந்துவிடுகிறார்கள். எறிகிற அந்த ஒரு மணியில்தான் சேர்த்த சத்து முழுக்க இருக்கிறது. 2020இல் திருச்சி மாவட்டத்தில் சோதனையாகத் தொடங்கியபோதே இந்தச் சந்தேகம் எழுந்தது.

சந்தேகம் தீரவில்லையென்றால் பத்து மணியைப் பொறுக்கி எடுத்து அம்மியில் அரையுங்கள், மாவாகும். தனியாக வேகவையுங்கள், சோறு போலக் குழையும். பிளாஸ்டிக் இரண்டையும் செய்யாது. தலசீமியா போன்ற ரத்தக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளட்டும். மற்றவர்கள் பொறுக்காமல், இரண்டு தண்ணீரில் கழுவி, வடிக்காமல் அளவுத் தண்ணீரில் வேகவைத்துச் சாப்பிடலாம். கூடவே ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ இருந்தால் இரும்பு உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடிக்கிற பழக்கம் இருந்தால் ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள்.